ஆறாம் தறி

கூலி உயர்வு கேட்டு
காரணம்பேட்டைப் பக்கம் எல்லாத் தறியும் நின்ற
முப்பத்தி மூன்றாம் நாள்
எங்கள் ஆறாம் தறியை எடைக்குப் போட்டோம்.
இரும்பு கிலோ முப்பத்திரண்டு.
கட்டைக்குக் காசில்லை என்றான் வந்தவன்.
போட்டுவிடலாம் என்று சொன்னது நான்.
வட்டிக்குப் போன மிச்சத்தை
டிவி மேல் வைத்துவிட்டு
மூன்று நாள் இவர் பேசவில்லை.

கீழே குடோன், மேலே வீடு.
வீட்டு முன்னால் பத்துக்குப் பதினாறு
வெறும் தளம்.
சித்திரை வெயிலில் கொடித்துணி எடுக்கப் போனால்
நிவாஷினி கரகம் ஆடிக்கொண்டுதான் திரும்புவாள்.

"தகரம் போட்டுக்கலாமுங்க" என்றேன் நாலாம் நாள்.
பட்டறைக்காரர் வந்து அளந்தார்,
கூலி சொன்னார்.
குறைக்கச் சொல்லிக் கேட்டோம்.
கேட்ட பிறகுதான்
யார் யாரிடம் எதைக் கேட்கிறோம் என்று உறைத்தது.
அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு
இவர் தரையைப் பார்த்துச் சொன்னார்:
"நாமளே போட்டுக்குவோம்."

இவருக்கு உயரம் ஆகாது,
மூன்றாம் படியிலேயே முட்டி ஆடும்.
எனக்கு வெல்டிங் ஆகாது.
அதனால் ஏணிக்குக் கீழே அவர்,
மேலே நான்.
சுடிதார் மேல் அவருடைய சட்டை,
இடுப்பில் ஸ்க்ரூ போட்ட மஞ்சப்பை.

சுவரோரம் ஒன்பதடி, ரோட்டுப் பக்கம் எட்டு.
தெற்கே சரித்தால்
ராமாத்தாளக்கா வீட்டு மிளகாய் நனையும்,
அப்புறம் இன்னொரு ஸ்ட்ரைக்.
ரசமட்டத்தில் குமிழி நடுவில் நிற்கிறதா என்று
நிவாஷினி பார்த்துச் சொன்னாள்.
நின்றது என்றாள்.
கால் ஒன்று முக்கால் இஞ்சு குட்டை.
இவர் குடோனுக்குப் போய்
எதையோ தேடி எடுத்து வந்து
அடியில் வைத்துப் பற்றவைத்தார்.
என்னவென்று நான் கேட்கவில்லை.
எடைக்குப் போனவன் பொறுக்காமல் விட்டிருக்கிறான்,
அவ்வளவுதான்.

அஞ்சாவது தகரம் ஏற்றும்போது
கணவாய்க் காற்று ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிட்டது.
தகரம் என்னைப் பிடித்துக்கொண்டதா
நான் தகரத்தையா, தெரியவில்லை.
கோயமுத்தூர் ரோடு, கறிக்கோழிப் பண்ணை,
தென்கோடியில் சுற்றிய காற்றாலை எல்லாம்
ஒரு சுற்று சுற்றி வந்தன.
கீழே இவர்
ஏணியை விட்டுவிட்டு, முட்டி ஆட,
ஆறாம் படியில் நின்று
என் கணுக்காலைப் பிடித்திருந்தார்.
இறங்கிய பிறகு அதைப் பற்றி
இரண்டு பேரும் பேசவில்லை.

அன்று ராத்திரியே மழை.

தகரத்துக்குக் கீழே நின்றால்
தறிக்குடோனேதான்.
கொத்துக் கொத்தாக அடிக்கும் சத்தம்,
ஒன்றை ஒன்று முந்தி
பிறகு ஒரே ஓட்டமாக.
நிவாஷினி காதைப் பொத்திக்கொண்டு
உள்ளே ஓடிவிட்டாள்.
நாங்கள் இருபது வருசம் இந்தச் சத்தத்துக்குள்ளேயே
வீட்டு வாடகை, பிள்ளைப்பேறு, மச்சாண்டார் சாவு
எல்லாம் பேசியவர்கள்.
குரல் வேண்டியதில்லை,
உதடு போதும்.

இவர் எதிர்க் காலில் சாய்ந்து நின்று
என்னைப் பார்த்து உதட்டை அசைத்தார்.
முதலில் பிடிபடவில்லை.
ஐந்து விரலையும் ஒன்றையும் காட்டினார்.
ஆறாம் தறி
ஓடுது.

நானும் பதில் சொன்னேன்.
அது எங்களுக்குள்.

அப்போது என் பொடனியில் ஒரு சொட்டு.
அண்ணாந்தேன்.
மேட்டில் இறக்க வேண்டிய ஸ்க்ரூ ஒன்று
பள்ளத்தில் இறங்கியிருக்கிறது,
இரண்டாவது தகரம், சுவர்ப் பக்கம்.
இறக்கினது நானேதான்.
இவர் சிரித்தார்.
மழைச் சத்தத்தில் அந்தச் சிரிப்பு கேட்கவே இல்லை.
ஒரு போசியைக் கொண்டுவந்து அடியில் வைத்தேன்.

விடிந்ததும் பல்லடம் போக வேண்டும்,
ரப்பர் வாசர் ஒன்று,
கொஞ்சம் சீலன்ட்.
பேச்சுவார்த்தை பத்து மணிக்கு என்றார்கள்.
அதற்கும் இவர் போக வேண்டும்.